வாத்துகளுக்கு வந்த மனிதக் காய்ச்சல்

இன்னும் எழுபத்திரண்டு மணி நேரத்தில் அவளுக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்துவிடும். ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள் என்று ஆய்வகத் தலைவரே பரிந்துரைத்திருந்தார். அதுவரை எந்த வம்பும் வராமல் இருந்தால் போதும்.

வம்பு ஏரியிலிருந்து வந்தது.

காட்டு வாத்துகளின் எச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, குப்பியில் அடைத்து, அதில் என்ன ஃப்ளூ வைரஸ் இருக்கிறது, போன வருடத்திலிருந்து எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. உறவினர்கள் கேட்டால் "ஆராய்ச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

தலைவர் முடிவுத் தாளை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா? இப்ப மனுஷங்களுக்குப் பரவுற அதே வைரஸ்! வாத்துகிட்ட! எவனும் பாக்காதது!"

வாசலோரம் நின்றபடியே, "மாதிரி எடுத்ததுல தப்பு இருக்கலாம் சார்," என்றாள்.

"கிட்ட வந்துதான் சொல்லேன். இன்னும் என்ன கூச்சம்?"

அவள் இரண்டடி பின்னால் போனாள். "திரும்ப எடுத்துப் பாத்துடலாம் சார்."

"நீயே போ. உன்ன மாதிரி யாரு எடுப்பா?"

ஆய்வக டிரைவர் அவளை மறுபடி ஏரிக்கு அழைத்துப் போனார். முகக்கவசத்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. எது எச்சம், எது சேறு என்று தெரியவில்லை. கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் குனிந்து, பன்னிரண்டு குப்பிகளை நிரப்பினாள்.

முதல் தடவை நாலு குப்பியில் இருந்த வைரஸ் இப்போது பன்னிரண்டிலும் இருந்தது.

"வாத்துக்கு வாத்து பரவுது!" தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஏரியைப் பூட்டச் சொன்னார். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்..."

"உன் பேரும் கட்டுரையில வரும். போதுமா?"

போதாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டுரையில் பெயர் வருவது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் கடைசி நாற்காலியில், கவசத்தோடு.

"ஒழுக்கம்னா இதான். ஆபீசுக்குள்ளகூடக் கழட்ட மாட்டா," என்றார் தலைவர்.

வந்தவர்களில் மூத்தவர் தாளைப் புரட்டினார். "எல்லாம் சரி. மனுஷ வைரஸ் வாத்துகிட்ட எப்படிப் போச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

கதவைத் திறந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். மூக்கு சிவந்திருந்தது.

"சார், ரெண்டு நாள் லீவு வேணும். இந்தப் பொண்ணு ஒரு வாரமா காய்ச்சலோட தும்மிக்கிட்டே இருக்கு. குப்பிக்குள்ள தும்முனது போக மிச்சம் எனக்கு ஒட்டிக்கிச்சு."