கேமராவில் விழாத குளியலறை

இரணியல்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மகன் டெனிஷுக்கு அப்பா செல்வதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். வீடுதான் சுகமில்லை. நீ குவைத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெள்ளிக்கிழமை ஆராதனையைத் தவறவிடாமல் இருக்க ஜெபிக்கிறோம்.

போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாரே, அப்பாவுக்குக் கிறுக்கா என்று நினைக்காதே. கட்டட வேலையைப் பார்க்க முன்வாசலில் நீ மாட்டச் சொன்ன கேமராவுக்குக் கண் மட்டுமல்ல, காதும் வாயும் இருக்கின்றன. வீட்டுக்குள் நான் தும்மினால் குவைத்திலிருந்து, "அப்பா, மாத்திர போட்டியளா?" என்று கேட்கிறாய். அதனால்தான் குவைத்துக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு பிபின் கையில், நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்துக்குள் வைத்து இதை அனுப்புகிறேன்.

மகனே, அடுத்த மாதம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். மழையில் படி இறங்கிப் பின்கட்டுக் குளியலறைக்குப் போக அவளால் ஆகாது. அதற்குள் படுக்கையறையோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டத்தானே இந்த வேலையைத் தொடங்கினோம்? கொத்தனார் சுடலையாண்டியோ கேமராவுக்குத் தெரிகிற முன்சுவரை விட்டு அசைவதில்லை. கேட்டால், "அண்ணாச்சி, பின்னால நின்னு வேல செஞ்சா, ஆளே வரலன்னு தம்பி நெனைக்கும்லா?" என்கிறார். நீயும் லேசுப்பட்டவனா? முன்சுவரில் வெடிப்பு தெரிகிறது என்று கத்தினாய், பூசினார். மறுநாளும் அதே இடத்தில் வெடிப்பு என்றாய், கொத்திப் போட்டு மறுபடி பூசினார். அன்று சாயங்காலம், "அப்பா, வெடிப்பு ஆடுது, வெளிய ஓடுங்க!" என்று நீ அலறிய அலறலில் உன் அம்மா வலிக்கிற காலோடு முற்றத்துக்கு ஓடினாள், உன் தங்கச்சி பிரீனா சென்னையில் தன் போனில் இதைப் பார்த்துப் பாஸ்டருக்குப் போன் போட்டாள், அவர் நாலு பேரோடு வந்து சுவரில் கை வைத்து ஜெபித்தார், ஈரச் சிமெண்டில் ஐந்து விரலும் பதிந்தன, அதைப் பார்த்து நீ, "அது என்னவாக்கும் புது வெடிப்பு?" என்றாய். கடைசியில் நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், கேமராக் கண்ணாடியின் குறுக்கே ஒரு சிலந்தி நூல் கட்டி, அது காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. சிலந்தி செய்த வேலைக்குச் சுவர் அடி வாங்கியது.

இது போதாதென்று உறவுக்காரர்களின் ஒத்தாசை. வேலையை மேற்பார்க்கக் களியக்காவிளையிலிருந்து வந்த உன் அத்தை லில்லிபாய், பட்டுச்சேலையில் கேமரா முன்னால் நின்று, "மக்களே டெனிஷு, அத்தயத் தெரியுதா? அத்த மெலிஞ்சுட்டேனா?" என்று அரை மணி நேரம் கேட்டாள். சாந்து சுமந்த பெண்கள் அவள் நகரட்டும் என்று சட்டியோடு காத்து நின்றார்கள். உன் அம்மா அதற்கு மேல். நீ சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறக்கும்போது நமக்கு மணி இரண்டரை. அதுவரை வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. இரண்டரைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். சர்க்கரை வியாதிக்காரன் நான், என் வயிறு என்ன பாவம் செய்தது? நிம்மதியாக முதுகு சொறியக்கூட வழியில்லை. "அப்பா, சட்டையப் போடுங்க" என்கிறது வாசல்.

ஆகவே தகப்பன் என்கிற முறையில் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாளைக் காலை அந்தக் கேமராவைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போடப்போகிறேன். இந்த வீட்டையே நின்று கட்டியவனுக்கு ஒரு குளியலறை கட்டத் தெரியாதா? உன் கண்காணிப்பு எதுவும் வேண்டாம்.

ஆண்டவர் உன் கையின் வேலையை ஆசீர்வதித்து, அந்த வெயிலில் நீ வாடாமல் காப்பாராக. சிப்ஸை ரூமில் இருப்பவர்களுக்கும் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
செல்வதாஸ்.

பின்குறிப்பு: பிபினின் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனதால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். மறுநாள் காலை சொன்னபடி ஸ்டூலில் ஏறினேன். உன் அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ள அங்க ஒத்தைக்கி இருந்து திங்கான். அதக் கழத்துனா அவன் யாருக்க கூட இருந்து திங்கது? அதுல கை வச்சிரப்பிடாது, ஆமா!" என்றாள். நான் இறங்கிவிட்டேன். சுடலையாண்டி காலையில் கேமராவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பின்னால் போக ஒத்துக்கொண்டார். குளியலறைச் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது, ஆபரேஷனுக்கு முன் முடிந்துவிடும். வேலை முடிந்த பிறகும் கேமரா அங்கேயே இருக்கட்டும். சிலந்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டரை மணிக்கு நானும் தட்டோடு அங்கேதான் உட்காருகிறேன். ஆனால் என் நாற்காலி படத்தில் விழவில்லை என்று பிரீனா சொன்னாள். கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். தெரிகிறேனா என்று சொல்.