'போதுமா?' என்று கேட்ட இசைத்தட்டு

உங்களிடம் ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் ஏதோ ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பொருள் உங்களுக்குச் சொந்தமா? அல்லது அதற்கு நீங்கள் சம்பளமில்லாத காவற்காரரா?

நிதானமாக யோசியுங்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் தொடாதே சாரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் தொடாதே சார் என்றுதான் சொல்வார்கள். அவர் வாயிலிருந்து அதிகமாகப் புறப்படும் சொல் அதுதான். கோபம் அவருடைய மூக்கு நுனியில் வாடகைகூடத் தராமல் குடியிருந்தது. தொழிலோ, பெரிய கிடங்கு ஒன்றுக்கு மேலாளர். பெட்டிகள் வரும். அடுக்குவார், எண்ணுவார், பூட்டுவார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் உலகமே சரியாக இருக்கிறது என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கையைக் கிடங்கிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் வரிசையாகப் பழைய சாஸ்திரிய இசைத்தட்டுகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அலமாரியைத் திறப்பார். ஒவ்வோர் உறையாக எடுத்து மெல்லிய துணியால் துடைப்பார். எண்ணுவார். மறுபடி பூட்டுவார். பக்கத்தில் உயர்ந்த ரக ரெக்கார்ட் பிளேயர் ஒன்று, போர்வை போர்த்திக்கொண்டு, பிறந்த நாள் முதல் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் போய்வந்த 'பழந்தட்டு அன்பர் வட்டம்' என்ற சங்கத்திலும் இதே வழக்கம்தான். அன்பர்கள் கூடுவார்கள், உறைகளைக் காட்டிக்கொள்வார்கள், பொறாமையோடு கலைவார்கள். அங்கே யாராவது இசையைக் கேட்டதாகச் செய்தி இல்லை.

என் நெஞ்சு கொதிக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒருவன் ஆற்றின் மேல் பாலம் கட்டினான். ஆட்கள் நடந்தால் பலகை தேயுமே என்று இரு முனையிலும் சுவர் எழுப்பினான். அவனே தினமும் ஆற்றை நீந்திக் கடந்து, ஈரத் துணியோடு கரையில் நின்று, பாலம் புதிதாக இருப்பதைப் பார்த்துப் பெருமைப்பட்டான். இந்த மூடனைக் கண்டு சிரிக்கிறீர்களா? சிரிப்பைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

அந்த அலமாரியின் நடுத்தட்டில், தனி உறையில், தொடாதே சாரின் மாமனார் கொடுத்த இசைத்தட்டு ஒன்று இருந்தது. தனி வயலின். வாசித்து முடித்த கலைஞர், ஒலிப்பதிவும் முடிந்துவிட்டது என்று நினைத்து, கருவியை இயக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "போதுமா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் குரலும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. தவறு தெரிந்ததும், அச்சான தட்டுகளையெல்லாம் நிறுவனம் திரும்பப் பெற்று உருக்கிவிட்டது. தப்பிப் பிழைத்தவற்றுள் ஒன்று மாமனார் கைக்கு வந்தது. அவர் அதை வாரந்தவறாமல் போட்டுக் கேட்டார். 'போதுமா?' என்ற குரல் வந்ததும், மடியில் உட்கார்ந்திருந்த மகள், "போதாது!" என்று கத்துவாள். உடனே மறுபடியும் போடுவார். கடைசிக் காலத்தில், "ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து கேளுங்க, மாப்பிள்ளை" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். சொன்னதை வாங்கிக்கொள்ளவில்லை. உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி தம்முடையதுதான் என்று சங்கத்தில் அறிவித்துவிட்டு, பூட்டிவிட்டார்.

அந்த மகள்தான் தொடாதே சாரின் மனைவி. பள்ளிக்கூட நூலகர். யாரும் இரவல் வாங்காத புத்தகத்தைப் பார்த்தால், பந்தியில் இலை போடாமல் விடப்பட்ட பிள்ளையைப் பார்த்ததுபோல் அந்த அம்மையாருக்கு மனம் பதைக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"ஏங்க, இன்னைக்கு எங்க அப்பா பிறந்தநாள். அந்தத் தட்டை ஒரே ஒரு தடவை போடலாமா?"

"போடறதா! என்ன பேச்சு பேசற நீ? ஊசி ஒரு தடவை பட்டா ஒரு தடவை தேயும்."

"கேக்கிறதுக்குத்தானேங்க தட்டு?"

"உன்னை மாதிரி ஆளுங்களுக்குக் கேக்கிறதுக்கு. என்னை மாதிரி ஆளுங்களுக்கு வெச்சிருக்கிறதுக்கு."

"எங்க அப்பா வாரா வாரம் போட்டாரு. தேஞ்சா போச்சு?"

"அவரு பாதி உயிரை எடுத்துட்டாரு. மீதியை நான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். அவரு இருந்திருந்தா எனக்கு நன்றி சொல்வாரு."

"அவரு இருந்திருந்தா உங்களைக் கேக்காமலே போட்டிருப்பாரு."

"எதுத்துப் பேசாதே! அலமாரிச் சாவி என் இடுப்புல இருக்கு. அங்கேதான் இருக்கும்!"

"சரிங்க."

கணவர்மார்களே, இந்தச் 'சரிங்க' என்ற சொல்லை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். மனைவி சண்டை போட்டால் வீட்டில் அமைதி நிலவுகிறது என்று பொருள். 'சரிங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போனால், வேலை ஆரம்பமாகிவிட்டது என்று பொருள். தொடாதே சார் வெற்றிப் பெருமிதத்தோடு சாவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

சில வாரங்கள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொடாதே சார் அலமாரியைத் திறந்து, உறைகளைத் துடைத்து, எண்ணி, பூட்டிவிட்டு நிமிர்ந்தார். தரைக்கு அடியிலிருந்து வயலின் கேட்டது. கீழ்வீட்டில் பல் டாக்டரம்மா தனியாக இருந்தார். முன்னறையிலேயே வைத்தியமும் பார்த்தார். 'பல் பிடுங்குகிற வீட்டில் பாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது!' என்று தொடாதே சார் காலால் தரையை உதைத்தார். வயலின் நிற்கவில்லை. மெல்ல ஏறியது, இறங்கியது, ஓய்ந்தது. பிறகு, கரகரப்புக்கு நடுவே, ஒரு குரல்.

"போதுமா?"

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. கண்ணாடி வழியாக நடுத்தட்டைப் பார்த்தார். உறை அங்கேயேதான் இருந்தது.

"ஏய்! இங்க வா! கேட்டியா?"

"எதைங்க?"

"போதுமான்னு கேட்டானே!"

"நான்தான் தினமும் கேக்கிறேன், சோறு போடறப்ப. நீங்க ஒரு நாளாவது போதும்னு சொல்லியிருக்கீங்களா?"

"வாயை மூடு! கீழே இருக்கிறவகிட்ட இன்னொண்ணு இருக்கு! உலகத்துலயே ஒண்ணுதான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப ரெண்டாயிடுச்சு! நம்ம வீட்டுக்கு அடியிலயே இருக்கு!"

"இருந்தா என்னங்க? அவங்களும் கேட்டுட்டுப் போறாங்க."

"உனக்குப் புரியாது! சங்கத்துச் செயலாளர் காதுல இது விழுந்தா என் மானம் போயிடும்!"

"ஐயோ, அவங்ககிட்ட போய்ச் சண்டை எதுவும் போட்டுடாதீங்க."

போகாதே என்றால் போவார்; சண்டை போடாதே என்றால் போடுவார். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அம்மையார் இதையாவது கற்றிருக்க மாட்டாரா?

கீழ்வீட்டு முன்னறையில் உட்கார வேறு இடமில்லை. நோயாளிகளின் சாய்வு நாற்காலி மட்டுமே இருந்தது. அதில் உட்கார்ந்ததும் அது தானாகவே பின்னால் சாய்ந்தது. போர் தொடுக்கப் போன மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

"எந்தப் பல்லு சார்?"

"பல்லு இல்லை! தட்டு! அந்த இசைத்தட்டு எனக்கு வேணும்."

"அது விக்கிறதுக்கு இல்லையே, சார்."

"நீங்க என்ன கேட்டாலும் தரேன்!"

"எனக்கு என்ன வேணும், இந்த வயசுல? ஒரே குறைதான். என் பிளேயர் ரொம்பப் பழசு. ஊசி சொத்தைப் பல்லாட்டம் ஆயிடுச்சு. தட்டையே கீறிடும்னு பயமா இருக்கு. உங்க வீட்ல ஒண்ணு இருக்குன்னு சொல்வாங்க..."

"அதைக் கேக்காதீங்க! தொடவே கூடாது அதை!"

"வேண்டாம் சார். உங்க சங்கத்துச் செயலாளர் எனக்குத் தெரிஞ்சவர்தான். அவரையே கேட்டுப் பாக்கிறேன்."

தொடாதே சார் நாற்காலியிலிருந்து துள்ளி எழ முயன்றார். நாற்காலி விடவில்லை. படுத்தபடியே சம்மதித்தார். மேலும், அந்த பிளேயரால் அவருக்கு என்ன பயன்? அதில் போட்டால் தட்டு தேயும். தேயக்கூடாது என்றால் பிளேயர் எதற்கு? முதன்முறையாகத் தம்முடைய வாதத்தாலேயே தம்மை மடக்கிக்கொண்டார். சற்று நேரத்தில் அவரே பிளேயரைப் பிள்ளையைச் சுமப்பதுபோல் சுமந்து கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். பதிலுக்கு டாக்டரம்மா வெள்ளைத் தாளில் சுற்றிய தட்டை நீட்டினார்.

"உறை எங்கே?"

"உறை எதுக்கு சார்? நான் வெறும் கேக்கிறவ."

மாடிக்கு வந்ததும் தொடாதே சார் தட்டைத் தரையில் வைத்தார். கருவிப் பெட்டியைத் திறந்து சுத்தியலை எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டாவது இருக்கக் கூடாது. உடைக்கப் போறேன்."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த அந்தப் பெண்மணி, சுத்தியலை மட்டும் யோசிக்கவில்லை. தட்டைக் கொண்டுவந்து அலமாரியில் சேர்த்துவிடுவார், அவர் கிடங்குக்குப் போனதும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார். சுத்தியல் மேலே போனது. மடியில் உட்கார்ந்து 'போதாது' என்று கத்திய அந்தச் சிறுமியின் தொண்டை, இத்தனை வருடம் கழித்துத் திறந்தது.

"தொடாதீங்க!"

தம்முடைய சொல் தம்மையே நோக்கி வருவதைத் தொடாதே சார் வாழ்நாளில் கேட்டதில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"முதல்ல நம்ம வீட்டுத் தட்டை வெளியில எடுத்துப் பாருங்க. அப்புறம் உடைங்க."

பூட்டைத் திறந்தார். நடுத்தட்டு உறையை எடுத்தார். வருடக்கணக்கில் துடைத்த உறைக்குள் முதன்முறையாகக் கையை விட்டார். வட்டமாக, வழவழப்பாக, அளவு பிசகாமல் வெட்டிய அட்டை ஒன்று வந்தது. நூலகத்தில் புத்தகங்களுக்குப் பைண்டு போடுகிற அட்டை.

"திருட்டு! என் வீட்டுக்குள்ளேயே திருட்டு! சாவி என் இடுப்புல இருக்கு, எப்படி எடுத்தே?"

"அலமாரிக்கு முன்னாலதான் பூட்டு. பின்னால நாலே நாலு திருகாணி."

"எத்தனை நாளா?"

"அப்பா பிறந்தநாள்லேர்ந்து. வாரா வாரம் நீங்களும் துடைச்சு எண்ணினீங்க. எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு?"

"உங்க அப்பா அதை என் கையில குடுத்தாரு!"

"உங்க கையிலதான் குடுத்தாரு. ஆனா என் காதுக்குக் குடுத்தாரு. டாக்டரம்மா பிளேயர்ல போட்டுக் கேட்டேன். அந்த ஊசி அப்பாவோட தட்டைக் கீறிடுமோன்னு தினம் தினம் உயிர் போச்சு. நல்ல பிளேயர் வேணும்னு கேட்டா நீங்க தருவீங்களா?"

"தரவே மாட்டேன்!"

"அதான் கேக்கலை. நீங்களே சுமந்துட்டுப் போய்க் குடுத்துட்டீங்க."

அவர் அலறிக்கொண்டு படியிறங்கி ஓடினார். பிளேயரைத் திருப்பித் தரச் சொன்னார். டாக்டரம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "தாராளமா எடுத்துக்கங்க சார். தட்டைக் குடுத்துட்டு பிளேயரைத் தூக்கிட்டுப் போங்க." இப்போது பாருங்கள் அவர் நிலையை! தட்டை வைத்துக்கொண்டால் பிளேயர் கீழே. பிளேயரை வாங்கிக்கொண்டால் தட்டு கீழே. கிடங்கு மேலாளர் இரண்டு மாடிக்கும் நடுவில், படிக்கட்டிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

அந்த வழியாகத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிய அம்மையார், ஒரு படி தாண்டி நின்றார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கணும்னு சொன்னாரு அப்பா. வரதுன்னா வாங்க."

கோபத்தோடுதான் போனார். காலியாக இருந்தது அந்த ஒரே நாற்காலிதான். கோபத்தோடுதான் அதில் சாய்ந்தார். ஊசி இறங்கியது. வயலின் எழுந்தது. அம்மையார் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தட்டு தேய்வதை நினைத்து நினைத்து, தொடாதே சார் தாடை நடுங்கப் பற்களை நறநறவென்று கடித்தார். டாக்டரம்மா குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"பல்லைக் கடிக்காதீங்க, சார். ஒரு தடவை கடிச்சா ஒரு தடவை தேயும்."

வயலின் ஓய்ந்தது. "போதுமா?" என்றது தட்டு. "போதாது!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்பர்களே, என் கேள்விக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். எழுந்திருங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். துடைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று சாக்குச் சொல்லாதீர்கள். இன்றே, இப்பொழுதே, உங்கள் அலமாரியைத் திறவுங்கள். உறைக்குள் கையை விடுங்கள். வந்தது தட்டாக இருந்தால், உங்கள் மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, உடனே அதைப் போட்டுக் கேளுங்கள். அட்டையாக இருந்தால், சத்தம் போடாமல் கீழ்வீட்டுக்குப் போங்கள்.