அக்கா கல்யாணம் அனுப்பிய ஐஸ் பெட்டி

இடத்துக்கு இடம் பெயரை மாற்றிக்கொள்ளும் ஆளை நம்பக் கூடாது. தெரிந்தும், அப்படி ஒன்றை நானே எழுதி வைத்தேன்.

வேலையில் சேர்ந்த புதிது. ஆரப்பாளையத்தில், இறந்தவர்களை வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடும் முத்தையா அண்ணனுக்கு ஒரு புக்கிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே கூட்டுக்குள் போட்டு, எந்த லேப்டாப்பிலும் ஓட வைக்கும் கன்டெய்னர் வித்தையை அப்போதுதான் கற்றிருந்தேன். அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் கடைப் பெயரை நேராக எழுதியிருக்கலாம். (அது எல்லாரும் செய்யிறதுல்ல? நாம செய்யலாமா?) ‘எந்த ஃபோல்டரில் இருக்கிறாயோ, அதன் பெயரையே கடைப் பெயராக எடுத்துக்கொள்’ என்று ஒரு வேரியபிளைப் போட்டேன். ஆபீஸ் கணினியில் ஃபோல்டரின் பெயர் ‘முத்தையா ஐஸ் பெட்டி’. எல்லாம் சரியாக வந்தது. மேதை என்ற நினைப்பில் திரிந்தேன்.

கடையில் காட்டுவதற்கு என் சொந்த லேப்டாப்பைக் கொண்டுபோனேன். வீட்டில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை மாதிரிகள், சேலைப் படம் எல்லாம் கிடந்த ஃபோல்டரிலேயே அவசரத்தில் இதையும் கொட்டியிருந்தேன்.

காட்டிக்கொண்டிருக்கும்போதே போன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சாவு.

“இத அதுலயே போடு பாப்பா, பாப்பம்” என்றார் அண்ணன்.

போட்டேன். குறுஞ்செய்தி பறந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றும்போது அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, ஒரு மெசேஜ் வந்துருக்கு.” இளைஞனின் குரல். கோபமே இல்லை. எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தது. “அக்கா கல்யாணம் சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. உங்கள் பெட்டி வந்துகொண்டிருக்கிறது.” அப்புறம், “செத்துப்போனது எங்க அக்காண்ணே. மாப்ள பாத்துக்கிட்டிருந்தோம்.”

அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வண்டில ஏறு.”

“எதுக்குண்ணே?”

“மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு வா. நான் போன்ல சொன்னா அது யாவாரம்.”

டிரைவருக்குப் பக்கத்தில் நான், பின்னால் காலிப் பெட்டி. வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். (‘வேரியபிள் மாறிருச்சு’ன்னு சாவு வீட்ல சொல்லிப் பாருங்க, தெரியும்.)

சாவு வீட்டில் இறங்கியதும், போனில் பேசிய அந்த இளைஞனே வந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான். கண்கள் வீங்கியிருந்தன.

“அந்த மெசேஜ் அனுப்புனது நான்தான். கான்ஃபிக் ஃபைல்ல...”

“அப்பறம் சொல்லுங்கக்கா. அந்தப் பக்கம் புடிங்க. வாசல் நெல இடிக்கும்.”

பிடித்தேன். அப்புறமும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் வண்டியிலேயே லேப்டாப்பைத் திறந்து, வேரியபிளை அழித்துக் கடைப் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தேன்.

அக்கா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விஷயம் வீட்டுக்குத் தெரிந்துபோய், இன்றைக்கும் நான் எந்த விசேஷத்துக்கு மெசேஜ் அனுப்பினாலும் அத்தான் உடனே கேட்பார்: “பந்தியா, பெட்டியா?” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தப் பையன் என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டான் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.