பத்துக்கு இரண்டு மார்க் அழகன்

"இப்போ டிவி மேலயும் ஒழுகுது வெர்ல்" என்றபடி இன்னொரு வாளியை வைத்தாள் மனைவி நோரீன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. லெஃப்டி புதுக் கூரை போட்டுக் குடுப்பான்."

லெஃப்டி பிரானக், அந்தக் கால பேஸ்பால் ஆட்டக்காரன்; சேகரிப்பவர்கள் விலை கொடுத்து வாங்கும் எழுபது வருடப் பழைய பேஸ்பால் கார்டில், அதாவது பட அட்டையில், சிரித்துக்கொண்டிருப்பவன். அவன்மேல் வெர்லுக்குப் பைத்தியம். அவன் படம் போட்ட காபிக் கோப்பை, துண்டு, அருங்காட்சியகக் கடையில் விற்கும் நகல் கார்டு எல்லாம் வீட்டில் உண்டு. வெர்லிடம் இருந்த அசல் கார்டைப் பார்த்து, அக்ரன் ஊர்த் தீயணைப்பு நிலைய ஹாலில் பழைய கார்டுக் கடை போடும் மில்ட்டே சொக்கிப்போனார்.

"என்னா நிறம், என்னா சிரிப்பு! மூலையில ஒரு மடிப்பு. கிரேடு போடறவங்க பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா பத்துக்கு ரெண்டுதான் குடுப்பாங்க. கெடக்கறாங்க விடு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கண்ணுக்கு அழகா இருந்தா போதும்னு வாங்குவார். உன் கூரைக்கு ஆயிடும். ஆனா தேய்க்காதே, நிமித்தாதே, எதையும் ஒட்டாதே. ஞாயித்துக்கிழமை இப்படியே கொண்டா!"

வெர்லுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு மார்க்குக்கே கூரை என்றால், எட்டு மார்க்குக்குக் குளியலறையும் வருமே! வெள்ளிக்கிழமை காலை கார்டை மேசையில் வைத்து, மேலே இரண்டு அகராதிகளையும் வான்கோழி வறுக்கும் இரும்புச் சட்டியையும் ஏற்றினான்.

"பாவம், நசுங்கிடப் போறான்" என்றாள் நோரீன், தான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குக் கிளம்பியபடியே.

"உனக்கென்ன தெரியும், சும்மா இரு."

ஞாயிறு காலை சட்டியைத் தூக்கினால், மடிப்பைக் காணோம்! வெர்ல் சட்டிக்கு முத்தம் கொடுத்தான்.

ஹாலில் கார்டைப் பார்த்த மில்ட் முகம் சுளித்தார். "நேத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே! எழுபது வயசுக் கிழவன் இப்படிப் பளபளன்னா இருப்பான்? இது நகல்யா."

"சத்தியமா அதே கார்டுதான்!"

"அப்போ மடிப்பு எங்கே?"

"நிமித்திட்டேன்."

"யாருக்குக் காது குத்தற?"

வாங்குபவர் வரும் நேரம். வெர்ல் கழிப்பறைக்கு ஓடி, மூலையைப் பழையபடி மடித்தான். மூலையே கையோடு வந்துவிட்டது. பழசாகத் தெரியட்டும் என்று காபியில் நனைத்தான். லெஃப்டிக்கு மீசை முளைத்தது. கை உலர்த்தும் இயந்திரத்தில் காட்டினான், அப்பளமாகச் சுருண்டது. பதற்றத்தில் தின்ற ஹாட்டாக் ரொட்டி சுற்றிய காகிதத்தால் துடைத்தான். மீசைக்குக் கீழே கடுகுச் சட்னியில் தாடியும் வந்துவிட்டது.

கண்ணால் பார்த்து வாங்கும் அந்த மனிதர் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து வெர்ல் விசும்பி விசும்பி அழுதான். "போச்சு நோரீன். நம்ம கூரையை நானே கெடுத்துட்டேன்."

"அட, அழாதே. நீ நோண்டுவேன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கே நீ அந்தப் பக்கம் போனதும் சட்டிக்கு அடியில நகலை வச்சுட்டு, அசலை எடுத்துட்டுப் போயிட்டேன்."

வெர்ல் துள்ளி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினான். ஒரு வாளி கவிழ்ந்தது. "என் தங்கமே! எங்க வச்சிருக்க? நனையலையே?"

"எப்படி நனையும்? ஸ்கூல் மெஷின்ல குடுத்து, ரெண்டு பக்கமும் சூடா லாமினேட் பண்ணிட்டேன்ல!"