சத்தமே இல்லாத வண்டி

"ஏம்ப்பா மாரிசாமி, ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்த வண்டி போவணும். இல்லாட்டி நீங்க போவணும்" என்று சொல்லிவிட்டார் வீட்டு ஓனர் சாந்தம்மா.

மாரிசாமி மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஓசூரில் முதல் ஷிப்டுக்குப் போக அவர் ஐந்தரைக்குக் காரைக் கிளப்பினால், டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல எஞ்சினுக்குள் நாலு வினாடி சத்தம் வரும். கீழ்வீட்டில் சாந்தம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். அந்தக் கைக்குழந்தை அலறிக்கொண்டு எழும். எஞ்சின் சூடானதும் வண்டி சாதுவாகிவிடும். குழந்தைதான் சாதுவாகாது.

மெக்கானிக் திம்மப்பன் ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார்.

"எஞ்சினுக்குள்ள ஓடற டைமிங் செயின் தொய்ஞ்சு போச்சுங்க சார். வண்டி ராத்திரி பூரா நின்னா ஆயில் எறங்கிடுது. மறுபடி ஏறுற வரைக்கும் செயின் அடிக்குது. எஞ்சினப் பிரிக்கணும்."

மாரிசாமி பிரிக்கவில்லை. ஆலையில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நூலளவு பிசகினாலும் பாகத்தைத் தூக்கிப் போடுகிற ஆள், சொந்தக் கார் விஷயத்தில் மட்டும் தாராள மனசுக்காரர். கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அமுங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊற்றினார். அது மேலே ஏற இன்னும் நேரமானது. நாலு வினாடிச் சத்தம் பத்து வினாடி ஆனது.

அடுத்து, அவரும் மனைவி வீரலட்சுமியும் விடிகாலையில் காரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினார்கள். அங்கே புதிதாக இரண்டு வீட்டாரின் பகை கிடைத்தது.

"ஏங்க, வித்துத் தொலைங்க. என் இடுப்பு போச்சு" என்றாள் வீரலட்சுமி.

விளம்பரம் கொடுத்தார். ஒரே ஒருவர்தான் போன் செய்தார். பர்கூர் கிருஷ்ணப்பன்.

"எஞ்சின்ல சத்தம் கித்தம் இருக்குதுங்களா சார்?"

"சத்தமே கிடையாது சார். வண்டி நிக்குதா ஓடுதான்னே தெரியாது."

"அப்படிங்களா. எதுக்கும் ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வந்து பாக்கறேன்."

ஞாயிறன்று ஒன்பதரைக்கே காரைக் கிளப்பி, சத்தத்தைத் தீர்த்து, எஞ்சினை ஓடவிட்டார் மாரிசாமி. குழந்தை அலறியது. சாந்தம்மா ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வையில், காலி செய்ய வேண்டிய சாமான்களை மாரிசாமி மனசுக்குள் அடுக்கத் தொடங்கினார்.

பத்து மணிக்குப் போன் வந்தது. "பஸ் சூளகிரில நின்னு போச்சுங்க சார்."

அணைத்தால் ஆறிவிடுமே என்று அணைக்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பானெட்டில் கை வைக்க முடியவில்லை. வருகிறவர் தொட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, நனைத்த போர்வையைப் போர்த்தினார்கள். ஆவி கிளம்பியது.

"வண்டிக்குக் காய்ச்சலாங்க?" என்று தெருவில் போன ஒருவர் விசாரித்தார்.

போர்வையை உருவி ஒளித்த நேரத்தில் கிருஷ்ணப்பன் வந்து சேர்ந்தார். எஞ்சினை அணைத்தார், கிளப்பினார், மறுபடி அணைத்துக் கிளப்பினார். நாலு பக்கமும் நின்று காது கொடுத்தார். அவர் முகம் வாடிப்போனது.

"வேண்டாங்க சார்."

"ஏன் சார்? சத்தமே இல்லையே."

"அதாங்க சங்கடம். நான் ஐ.டி.ஐ. வாத்தியாருங்க. டைமிங் செயின் கோளாறக் கண்டுபுடிக்கறது எப்படின்னு பசங்களுக்குக் காட்டணும். அதுக்குத்தான் சத்தம் போடற வண்டியாத் தேடறேன். விக்கறவங்க எல்லாருமே சத்தம் இல்லன்னுதான் சொல்வாங்க, அந்த நம்பிக்கைல வந்தேன். நீங்க நெசத்தச் சொல்லிட்டீங்க."

மாரிசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நான் சொன்னது பொய். காலையில எடுத்தா பத்து வினாடி அடிக்கும். நாளைக்கு வந்து கேளுங்க."

"விக்கணும்னு நல்ல வண்டியப் போய்க் கொற சொல்லலாங்களா? அத்திப்பள்ளில இன்னொரு வண்டி பாக்கணும், வரட்டுங்களா."

"இருங்க சார், சாட்சி இருக்கு." மாரிசாமி கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். "ஓனரம்மா, கொஞ்சம் வாங்க. இந்த வண்டி சத்தம் போடுமா போடாதான்னு வாங்க வந்தவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

தோளில் குழந்தையோடு வந்த சாந்தம்மா, வியர்வை வழிய நின்ற மாரிசாமியைப் பார்த்தார். வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்த மனுஷன் மேல் அவருக்கு முதல் முறையாக இரக்கம் வந்தது. அவரைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பினார்.

"சத்தமா? நல்லாக் கேட்டீங்க போங்க. தெனம் காலைல இந்த வண்டி கெளம்பறப்ப எங்க பாப்பா பொரண்டுகூடப் படுக்காது."