ஏழு வடைப் பாட்டு உலகம் சுற்றிய விவரம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
14.8.1999

மதிப்பிற்குரிய குலசேகரம் அத்தான் அவர்களுக்கு,

தாங்களும் கனகேஸ்வரி அக்காவும் ஈப்போவில் முருகன் அருளால் குறைவின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் உடலால் சுகம். ஆனால் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் என் மகள் அருந்ததியின் நிச்சயதார்த்தத்தில் தாங்கள் இருவரும் முன்னால் அமர்ந்து தட்டு மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அதுவரை தங்கள் வீட்டு இன்டர்நெட்டை யாரும் தொடவேண்டாம். காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்மலை முருகன்மீது நான் எழுதிப் பாடிய ஒன்பது பாடல்களின் கேசட் தங்களுக்கு நினைவிருக்காது. 1988இல் அனுப்பிய பிரதியைத் தாங்கள் பிரித்ததாகவே தெரியவில்லை. கேசட் கம்பெனி ஒன்றின் தேர்வுக் குழு அதை இரண்டு முறை நிராகரித்தது. கேசட் கடை முகம்மது சுல்தான் ஐம்பது பிரதிகளை அலமாரியில் வைத்தார். ஆறு வருடம் கழித்து, "அண்ணே, பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா தூசு தட்டியே என் கை போச்சுலா" என்று ஐம்பத்தொன்றைத் திருப்பித் தந்தார். நான் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததும் அதில் இருந்தது.

கெலுகோர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அருந்ததி போன மாதம், "கடையும் வேணாம், கம்பெனியும் வேணாம்பா. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா போதும், வேணுங்கிறவங்க எந்த நாட்டுல இருந்தும் இறக்கிக்குவாங்க" என்றாள். "யார் கேட்டுப் பார்த்துத் தேர்வு செய்வார்கள்?" என்றேன். "யாரும் இல்லப்பா." அதிர்ந்து போனேன் அத்தான். பதினொரு வருடம் என்னை வாசலில் நிறுத்திய உலகத்துக்கு இப்போது வாசலே இல்லையாம்! ஒரு படிவம், அவ்வளவுதான்: பாடுபவர் பெயர், பாட்டின் பெயர், இசையின் வகை. பக்திக்கு அதில் இடமில்லாததால் 'உலக இசை' என்று போட்டாளாம். ஒரு பாட்டு ஏற ஒரு மணி நேரம். பொறுப்பான பிள்ளை, நான் வீட்டில் வைத்திருந்த கேசட்டின் இரண்டு பக்கத்தையும் ஏற்றிவிட்டாள்.

அங்கேதான் இடி விழுந்தது. 1976இல் தங்கள் திருமணத்தில் என்னைப் பாட அழைத்தார்கள். நான் முதல் சரணத்தைத் தொடும்போது மணவறையிலிருந்து தாங்கள், "சாப்பாடு ஆறுதுலா, பாட்டை அப்புறம் வச்சுக்கலாம்" என்றீர்கள். சபை பந்திக்கு எழுந்தது. பல்லவியோடு நின்றவன் அன்றே ஒரு பாட்டுக் கட்டினேன். மாப்பிள்ளை ஏழு வடை தின்ற கதை. அதில் தங்கள் பெயர், ஊர், வழுக்கை எல்லாம் வரும். எனக்கு மனம் சரியில்லாத நாளில் நானே போட்டுக் கேட்பதற்காக என் பிரதியின் பின்பக்கத்தில் மட்டும் பதிந்து வைத்திருந்தேன்.

முருகன் பாடல்களை இறக்கியவர்கள் நான்கு பேர். அதில் மூன்று அருந்ததி. வடைப் பாட்டை அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்! நார்வேக்காரர் ஒருவர், மொழி புரியவில்லை, ஆனால் பாடகரின் துயரம் நெஞ்சைப் பிசைகிறது என்று பாட்டின் கீழே எழுதியிருக்கிறார். "உடனே எடு!" என்று கத்தினேன். "எடுக்கலாம்பா. ஆனா இறக்குனவங்ககிட்ட இருக்குமே. கூட்டாளிங்களுக்கும் அனுப்பியிருப்பாங்க" என்கிறாள். சுல்தானிடமிருந்து ஒரே பையில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வந்தேன். நார்வேக்கு எந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போவது?

ஆகவே அத்தான், இருபத்துமூன்று வருடத்தில் முதல் முறையாக மன்னிப்புக் கேட்கிறேன். ஏழு என்பது சந்தத்துக்காகப் போட்டது; மூன்று தின்றிருப்பீர்கள், அதிகம் போனால் நான்கு. கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள். இருக்கும் ஒரே அத்தையும் மாமாவும் எங்கே என்று சம்பந்தி வீட்டார் கேட்டால் பிள்ளை தலைகுனிந்து நிற்பாள். அக்காவுக்கு என் வணக்கம், தங்கள் பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
ஐயாத்துரை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அருந்ததி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வடைப் பாட்டின் கீழே நேற்று புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறாராம்: "பாட்டுல தப்பு இருக்கு. ஏழு இல்ல, பதினொண்ணு. பக்கத்து இலையில தலையைக் குனிஞ்சுக்கிட்டு நான்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். கனகேஸ்வரி, ஈப்போ." மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெறுகிறேன். எண்ணிக்கையைத் திருத்திப் பாடி இன்று மறுபடி ஏற்றியாயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு அக்காவுடன் அவசியம் வாருங்கள். நான் பாடுகிறேன். வடை உண்டு, கடைசிச் சரணத்துக்குப் பிறகு.