கடிகாரத்துக்குக் காது முளைத்த கதை

பெண் பார்க்கப் போகிறவனுக்கு அறிவு இருக்கலாம்; ஆனால் அதை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு எட்டயபுரத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த திமிர். அதற்கு முன்பே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது.

நாலாவது இடம் கோவில்பட்டி. அம்மாவோடு போயிருந்தேன். பெண்ணின் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். சேவும் கடலை உருண்டையும் வந்தன. பெண் இன்னும் வரவில்லை. அவர் சும்மா இருக்காமல் கேட்டார்: “தம்பி, மாட்டுப் பொங்கலன்னைக்கு வரப்போற கிரகணத்துல சூரியன் வளையமாத் தெரியுமாம்லா? சந்திரன் மறைச்சா முழுசா மறைக்க வேண்டியதுதான? வளையம் எங்கன இருந்து வருது?”

“அப்படிக் கேளுங்க மாமா!” என்றேன். (பெண்ணையே பார்க்கவில்லை, அதற்குள் மாமா.)

எதிர்ச் சுவரில் இருந்த வட்டக் கடிகாரத்தைச் சூரியனாக்கினேன். கடலை உருண்டை சந்திரன். “சந்திரன் நம்மளச் சுத்துற பாதை சரியான வட்டம் இல்ல. கிட்ட வரும்போது பெருசாத் தெரியும், சூரியன முழுசா மறைச்சிரும். தள்ளிப் போயிட்டா சிறுசாத் தெரியும். அப்போ நடுவுல மட்டுந்தான் மறைக்கும், ஓரம் மிச்சம் நிக்கும். இந்தா பாருங்க!”

இடது கண்ணை இறுக்கி மூடி, உருண்டையை வலது கண்ணருகே பிடித்தேன். கடிகாரம் காணாமல் போனது. பெருமையோடு கையை மெல்ல முன்னால் நீட்டினேன்.

வளையம் தெரிந்தது. ஆனால் அதில் இரண்டு காதுகள் இருந்தன. காதில் ஜிமிக்கி ஆடியது. மேலே மல்லிகைப்பூ வேறு. கடிகாரத்துக்கு எப்படிக் காது முளைத்தது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க உருண்டையை முன்னும் பின்னும் ஆட்டி, இடது கண்ணைத் திறந்து திறந்து மூடினேன்.

“ஏலே, கண்ணத் தொறலே!” என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

“சும்மா இரும்மா. ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா வளையம் தெரியாது. எல்லாரும் ஒத்தக் கண்ண மூடுங்க!”

பாவம், மாமா மூடினார். நான் உருண்டையை இறக்கினேன். கடிகாரத்துக்கு முன்னால் காபித் தட்டோடு பெண் நின்றுகொண்டிருந்தாள். நானும் அவள் அப்பாவும் ஒற்றைக் கண்ணை மூடியபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதற்றத்தில் சந்திரனை வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

பஸ்ஸில் அம்மா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கோ அந்த ஜிமிக்கி நினைவை விட்டுப் போகவில்லை, அழுகையே வந்தது.

மூன்றாம் நாள் மாமாவின் போன். “இவிய சந்திரனத் தின்னுட்டுப் போயிட்டாவ, பொங்கலுக்குக் கிரகணம் எப்படி வருமாம்னு மக கேக்கா. எங்களுக்குச் சம்மதம்.”

இப்போதும் வீட்டில் நான் எதையாவது விளக்க வாயைத் திறந்தால் போதும். மனைவி, மாமனார், இரண்டு பிள்ளைகள் என எல்லோரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.